வெந்நீர் வலிப்பு

சனிக்கிழமை காலையில் விவேக் நகர்ச் சந்துகளில் நடப்பவர்க்கு எந்த வீட்டில் எண்ணெய்க் குளியல் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சீயக்காய் மணமே சொல்லிவிடும். வேலூர்ப் பக்கமிருந்தும் தருமபுரிப் பக்கமிருந்தும் பிழைப்பு நாடி வந்து இங்கே வேரூன்றிய குடும்பங்கள் ஊரில் விட்டுவந்தவை பல. விடாது கொண்டுவந்தவற்றுள் ஒன்று இந்தத் தலை முழுக்கு. பெங்களூரின் குளிரோ அந்த வெந்நீரை இன்னும் சற்றுச் சூடாக்கிக்கொள்ளத் தூண்டுகிறது.

நரம்பு மண்டலத்தைப் பற்றி இப்பகுதியில் எழுத வேண்டுமென அன்பர் சிலர் கேட்டிருந்தனர். ஏட்டிலிருந்து தொடங்காமல், நம் குளியலறையிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளை, வயது பன்னிரண்டு. முதன்முறை குளியலறையில் விழுந்தபோது வழுக்கிவிட்டது என்றனர். இரண்டாம் முறை கண்ணேறு என்று சுற்றிப் போட்டனர். மூன்றாம் முறை உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. தகப்பனார் கதவை உடைத்து உள்ளே சென்றபோது, பையன் விழித்த கண் விழித்தபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கை மட்டும் செம்பால் மொண்டு மொண்டு தலையில் வெந்நீரை ஊற்றிக்கொண்டே இருந்தது. பிறகு உடல் விறைத்துச் சாய்ந்தான். தாயத்து வந்தது; மந்திரிப்பு நடந்தது; பள்ளிக்கூடம் நின்றது. ஆனால் அவ்வீட்டுப் பாட்டியம்மாள் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தார்: "உடம்புக்கு ஊத்திக்கிற நாள்ல ஒண்ணுமில்லை. தலைக்கு ஊத்திக்கிற நாள்லதான் வருது." எழுத்தறியாத அந்த அம்மையார் சொன்னதே மருத்துவர் வந்தடைந்த முடிவுமாயிற்று.

இதற்கு 'வெந்நீர் வலிப்பு' என்று பெயர். மருத்துவ ஏடுகளில் முதன்முதல் 1945இல் நியூசிலாந்திலிருந்து எழுதப்பட்டது. அங்கே அது ஓர் அபூர்வம். நம் பெங்களூரில் நரம்பியல் மருத்துவராயிருந்த டாக்டர் கே. எஸ். மணியும் அவருடைய துணைவரும் 1968 முதல் இதனை ஆராய்ந்து எழுதத் தொடங்கிய பின்னரே, தென்னிந்தியாவில் இது அபூர்வமன்று என்பது உலகுக்குத் தெரிந்தது. ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் நிலையத்தில் டாக்டர் பி. சதீஷ்சந்திராவும் பிறரும் 279 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை 1988இல் வெளியிட்டனர். பெங்களூரிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் ஏறக்குறைய ஒரு லட்சம் மக்களிடையே நடத்திய கணக்கெடுப்பில், வலிப்பு நோய் ஆயிரத்துக்கு 8.8 பேர்க்கு இருந்தது. வெந்நீர் வலிப்பு லட்சத்துக்கு 60 பேர்க்கு. சாமராஜநகர் மாவட்டத்து எளந்தூரில் வலிப்புடையோர் நூற்றுவரில் ஏறக்குறைய எழுவர்க்கு இவ்வகையே. துருக்கியிலும் ஜப்பானிலும் இதனைக் கண்டிருக்கின்றனர். ஆயினும் இதைப் பற்றிப் படிக்க விரும்பும் வெளிநாட்டு மருத்துவர் நம் ஊர் மருத்துவர் எழுதியதைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது!

இனி, தலையில் ஊற்றிய நீர் உள்ளே என்ன செய்கிறது?

மூளையின் எடை ஏறக்குறைய 1,400 கிராம். அதனுள் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வோர் அணுவின் சவ்வுக்கும் உள்ளே பொட்டாசியம் மிகுதி. வெளியே சோடியம் மிகுதி. தூண்டல் வந்ததும் சவ்விலுள்ள நுண்ணிய வாயில்கள் திறக்கச் சோடியம் உட்புகுகிறது. அதனால் எழும் மின்துடிப்பு அணுவின் நீண்ட இழை வழியே ஓடுகிறது. கொழுப்புறை போர்த்த தடித்த இழைகளில் அது வினாடிக்கு நூறு மீட்டர் வரையிலும் செல்லும். இழையின் முடிவில் ஒரு சிறு இடைவெளி. அங்கே மின்சாரம் நின்று, இரசாயனப் பொருள் சுரந்து அடுத்த அணுவுக்குச் செய்தி சொல்கிறது. 'நீயும் துடி' என்று சொல்லும் பொருள்கள் உண்டு. 'நீ அடங்கு' என்று சொல்லும் பொருள்களும் உண்டு. இரண்டும் சமனாக நிற்கும் வரை நாம் பேசுகிறோம், நடக்கிறோம், நினைக்கிறோம்.

சந்தையில் ஆயிரம் பேர் ஆயிரம் பேச்சுப் பேசுவது இயல்பு, வாணிபம் நடக்கும். அவ்வளவு பேரும் ஒரே சொல்லை ஒரே மூச்சில் கூவத் தொடங்கினால் வாணிபம் நின்றுபோகும். அடக்கும் செய்தி தளர்ந்து அணுக்கூட்டம் ஒன்று ஒருங்கே துடிக்கும்போது நேர்வது இதுவே. அதைத்தான் வலிப்பு என்கிறோம். அக்கூட்டம் மூளையின் எப்பகுதியிலுள்ளதோ அதற்கேற்ப வெளித்தோற்றம் அமையும்: ஒருவர் மருண்டு நோக்குவார், ஒருவர் பொருளின்றி முணுமுணுப்பார், துடிப்பு மூளை முழுதும் பரவினால் கைகால் வெட்டி விழுவார்.

தலைத்தோலில் வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் நரம்புகள் நிறைந்துள்ளன. நாம் தலைக்கு ஊற்றும் நீர் 40 முதல் 50 பாகை வெம்மையுடையது. உடலின் வெம்மையோ 37. செம்பு செம்பாக விரைந்து ஊற்றுகையில் சூடும் அடியும் சேர்ந்து மூளையைத் தாக்குகின்றன. உடற்சூட்டை ஆளும் மூளைப் பகுதி சிலரிடம் பிறவியிலேயே பிறழ்வுடையதாய் இருப்பதால் இத்தாக்குதலை அவர்களால் தாங்க முடிவதில்லை என ஆய்வாளர் கருதுகின்றனர். சில குடும்பங்களில் ஒருவர்க்கு மேற்பட்டோர்க்கு இது காணப்படுகிறது. பெண்களினும் ஆண்களுக்கே மிகுதி. தொடங்கும் கணத்தில் ஓர் இன்ப உணர்வு எழுந்து, மேலும் மேலும் ஊற்றிக்கொள்வோரும் உளர். அப்பையனின் கை நில்லாது மொண்டதன் காரணம் இதுவாயிருக்கலாம். அதைப் பேய் என்று கருதிய பெரியவர்களை நான் நகைக்கமாட்டேன். கண்டவர்க்கு அப்படித்தான் தோன்றும்.

மற்றவர்கள் அஞ்சி எண்ணெய்க் குளியலை விட வேண்டியதில்லை. இந்நோயுடையவர் மட்டும் வெதுவெதுப்பான நீரை, தலையில் கொட்டாமல் மெல்ல ஊற்றியோ துணியால் நனைத்தோ குளித்தால் பெரும்பாலோர்க்கு வலிப்பு வருவதில்லை. அதற்கும் அடங்காதவர்க்குத் தலை முழுகுமுன் ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு முன்பாக 'குளோபசாம்' என்னும் மாத்திரையை மருத்துவர் அளவிட்டுக் கொடுப்பதுண்டு. ஒரு பகுதியினர்க்கு நாளடைவில் வெந்நீரின்றியும் வலிப்பு வருகிறது. அவர்க்கு நாள்தோறும் மருந்து வேண்டும். ஆகவே 'குளித்தால்தானே வருகிறது' என்று வாளாவிருக்கலாகாது. குளியலறைக்குத் தாழிடலாகாது. ஏரி, கிணறுகளில் தனியே இறங்கலாகாது.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை. வலிப்பு தானே அடங்குகிறது. புகழ் இரும்புக்குப் போகிறது! பற்களிடையே கரண்டி நுழைப்பது பல்லுடையவும் மூச்சடைக்கவும் வழி. செய்ய வேண்டியது சிறிது: சுடுநீரிலிருந்து விலக்கி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துணி வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் அடங்கவில்லையெனில், அல்லது நினைவு திரும்புமுன் மறுபடியும் வந்தால், 108ஐ அழையுங்கள். மருத்துவரிடம் போகையில், வலிப்பைக் கண்ணால் கண்டவரும் உடன் செல்லவேண்டும். கைப்பேசியில் படம் பிடித்திருந்தால் இன்னும் நன்று.

உறக்கமின்மை, காய்ச்சல், மிகுந்த மது, மருந்தைத் தாமாக நிறுத்துதல் இவையும் வலிப்பைத் தூண்டும். சரியாகக் கழுவாத கீரை காய்களின் வழியே நாடாப்புழுவின் முட்டை வயிற்றுள் சென்று, புழுக்கட்டி மூளையில் தங்கி வலிப்பூட்டுவதும் நம் நாட்டில் மிகுதி. சைவ உணவினர்க்கும் வருவதால் அதனைத் தனியே ஒரு மாதம் எழுதுவேன்.

பெண் பிள்ளைக்கு வலிப்பு என்றால் மருத்துவரிடம் செல்லவும் அஞ்சும் வீடுகள் உண்டு; 'ஊருக்குத் தெரிந்தால் யார் கட்டுவார்?' என்பது கேள்வி. இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாக இருந்த 'வலிப்பு' என்னும் சொல் 1999இல் நீக்கப்பட்டுவிட்டது என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

அப்பையன் இப்போது பள்ளிக்குச் செல்கிறான். ஆடுகோடி வழியாக நிம்ஹான்ஸுக்கு அழைத்துச் சென்றவர் பாட்டியம்மாளே. சனிக்கிழமைகளில் அவர் குளியலறை வாயிலில் முக்காலி போட்டு அமர்ந்து, நீரில் முழங்கையை நனைத்துச் சூடு பார்த்த பின்னரே செம்பை அவன் கையில் தருகிறார். பையனுக்கு வெட்கம். கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொள்ள மட்டும் அனுமதி பெற்றிருக்கிறான்.