அதிமதுரத்துக்கு மூக்கு சாட்சியல்ல

நாட்டு மருந்துச் சரக்கு விற்கும் நமது சில்லறை வியாபாரிகள் பலர் அதிமதுரத்தை முகர்ந்து பார்த்தே தரம் சொல்கிறார்கள். "வாசனை இல்லை, பழைய சரக்கு" என்று மூட்டையைத் திருப்பி அனுப்புவதும் உண்டு. இந்த வழக்கம் சரியல்ல என்பது நமது கருத்து.

இதற்கு ஒரு பிரெஞ்சு சென்ட்டையே உதாரணமாகச் சொல்லலாம். 2007-ல் ஹெர்மெஸ் கம்பெனி 'ப்ரென் த ரெக்லீஸ்' என்றொரு சென்ட்டை வெளியிட்டது. உருவாக்கியவர் ழான்-குளோத் எலெனா. ரெக்லீஸ் என்றால் அதிமதுரம். உறவினர் கொண்டுவந்த அந்தச் சென்ட்டைக் கையில் தடவிக்கொண்டு ஒரு பகல் முழுவதும் கடையில் இருந்து பார்த்தோம். முதலில் லாவண்டர் பூ வாசனை. பிறகு சோம்பு மிட்டாய் போல லேசான இனிப்பு வாசனை. நல்ல சென்ட்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் நாற்பது வருடமாக நாம் பிரித்த அதிமதுர மூட்டை எதிலும் அந்த வாசனை வந்ததில்லை.

காரணம் இதுதான். மேல்நாடுகளில் அதிமதுரச் சாற்றில் செய்யும் கறுப்பு மிட்டாய்கள் பலவற்றில் சோம்பு வகை எண்ணெயும் சேர்க்கிறார்கள். அந்த எண்ணெயில் உள்ள அனெத்தோல்தான் அப்படி மணக்கிறது. நமது சோம்பிலும் அன்னாசிப்பூவிலும் இருப்பது அதுவே. மிட்டாயைத் தின்று பழகியவர்கள் அதையே அதிமதுர வாசனை என்கிறார்கள். வேரின் இனிப்போ கிளிசரைசின் என்ற பொருளால் வருவது. அது நாக்குக்குத்தான் தெரியும்.

ஆகவே வேரை ஒடித்துப் பாருங்கள். உள்ளே மஞ்சளாக, நாராக இருக்க வேண்டும். மென்றால் இனிப்பு நின்று தெரிய வேண்டும். ஈரம், பூஞ்சணம், வண்டு கூடாது. சோம்பு வாசனை அடித்தால், பக்கத்தில் சோம்பு மூட்டை கிடக்கிறதா என்று பார்த்துத் தள்ளி வையுங்கள்.

சென்ட்டில் பெயர் ஒன்றும் வாசனை ஒன்றுமாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நாம் விற்பது வயிற்றுக்குள் போகிறது. அதிமதுரத்தை அதிகமாகத் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் கூடும், உடலில் பொட்டாசியம் குறையும். ரத்தக் கொதிப்பு உள்ளவர் கேட்டால், டாக்டரிடம் விசாரித்துவிட்டு வாங்கச் சொல்வது நம் கடமை.

வாசனையை மட்டும் காரணம் காட்டி அதிமதுரத்தைத் திருப்புவதில்லை என்று நமது சங்கம் ஒரு தீர்மானம் போட்டால், மொத்த வியாபாரிக்கும் சில்லறை வியாபாரிக்கும் வீண் மனத்தாங்கல் குறையும். உறுப்பினர்கள் யோசிக்க வேண்டுகிறோம்.