வரலாற்றுக்குச் சான்று

ஒரு நாட்டின் பழமையைக் கூற வருவோர் இருவகையினர். செவிவழிக் கேட்டவற்றைச் சுவைபடத் தொகுத்துரைப்போர் ஒரு வகையினர். ஊர்தோறும் கிடைக்கும் சான்றுகளை ஆராய்ந்து உரைப்போர் மற்றொரு வகையினர். முன்னையோர் நூல் இனிக்கும். பின்னையோர் நூலே நிலைக்கும். புதுக்கோட்டை வரலாற்றை எழுதிய கே. ஆர். வேங்கடராமையர் பின்னை வகையைச் சார்ந்தவர்.

புதுக்கோட்டை 1948ஆம் ஆண்டு வரை மன்னராட்சிக்கு உட்பட்ட சமஸ்தானமாக விளங்கியது. அதன் குன்றுகளிலும் கோயிற் சுவர்களிலும் பொறிக்கப்பெற்ற 1,130 சாசனங்களின் மூலபாடங்கள் 1929இல் அச்சேறின. அவற்றையும் பிற சான்றுகளையும் துணைக்கொண்டு வேங்கடராமையர் ஆங்கிலத்தில் இயற்றிய பெருநூல், 1938 முதல் 1944 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. மன்னர்தம் போர்களை மட்டுமன்றி, மழை, பயிர், ஏரி, ஊர் ஆகியவற்றையும் அந்நூல் கூறுகின்றது. குடிமக்கள் வாழ்வும் வரலாறே அன்றோ?

சான்றின் வலிமைக்குச் சித்தன்னவாசல் ஓர் எடுத்துக்காட்டு. அங்குள்ள குடைவரைக் கோயிலின் ஓவியங்கள் ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் காலத்தவை என்று அறிஞர் முன்னர்க் கருதினர். ஆனால் அங்குள்ள கல்வெட்டோ, ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியன் சீவல்லவன் காலத்தில் இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் அகமண்டபத்தைப் புதுக்கி, முகமண்டபம் எடுப்பித்ததைக் கூறுகின்றது. புகழ்மிக்க பெயர் ஒன்றின்மேல் கொண்ட விருப்பம் கல்லெழுத்தின்முன் தளர்ந்தது. தான் விரும்பியதைக் கைவிட்டுச் சான்று காட்டும் வழியிற் செல்லுதலே வரலாற்றாசிரியனுக்கு அழகு.

அங்ஙனமாயின், பாட்டி கூறும் ஊர்க்கதைகள் பயனற்றவையோ எனச் சிலர் வினவுவர். பயனற்றவை அல்ல. ஓர் ஊரார் எதனைப் போற்றினர், எதற்கு அஞ்சினர் என்பதை அவை உணர்த்தும். ஆனால் ஆண்டையும் ஆட்சியையும் துணிதற்கு அவை மட்டும் போதா. கதையைக் கதையாகவும் சான்றைச் சான்றாகவும் கொள்ளுதலே அறிவுடைமை.

கல் அழியாதது என்று எண்ணுதலும் பிழை. சுண்ணாம்பு பூசினால் எழுத்து மறையும். திருப்பணியின்போது கல் இடம் மாறினால் தொடர் அறும். உடைத்துச் சல்லியாக்கினால் ஓர் ஊரின் வாய்மொழியே அடங்கிவிடும். படியெடுக்கப்பெறாத கல்வெட்டு அழியுமாயின், அது கூறிய செய்தியை மீட்டுத் தருவார் எவருமிலர். ஆதலின், மாணாக்கர் தம் ஊர்க் கோயிற் சுவரை ஒருமுறை உற்று நோக்குவாராக. அவ்வெழுத்துகளைக் காத்தல் நம் முன்னோர்க்கு நாம் செலுத்தும் கடனாகும்.