கோடையின் ஏழு ஞாயிறுகள்



கோடை விடுமுறை முடிந்துவிட்டது. பிள்ளைகள் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் புறப்பட்டுவிட்டனர். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. இந்த அமைதியில் அமர்ந்து, கழிந்த ஏழு வாரங்களை எண்ணிப் பார்க்கிறோம். நம் குடும்பத்துக் கதைதான் என்றாலும், இது உங்களுள் பலருடைய கதையுமாகும் என்பதால் இப்பக்கத்தில் எழுதத் துணிந்தோம்.

விடியுமுன் மாரிக்குப்பத்து வண்டியைப் பிடித்துப் பெங்களூர் சென்று, இருட்டிய பின் ஊர் திரும்பும் ஆயிரக்கணக்கானோருள் நாமும் ஒருவர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதுவரை ஊரை எழுப்பியது சுரங்கத்துச் சங்கு. இன்று எழுப்புவது இரயிலின் ஊதல். பிள்ளைகள் கண் விழிக்குமுன் போகிறோம். அவர்கள் கண் அயர்ந்தபின் வருகிறோம். ஞாயிற்றுக்கிழமையோ, ஆறு நாள் உறக்கத்தை ஒரே நாளில் உறங்கித் தீர்ப்பதில் கழிந்துவிடுகிறது.

ஏப்ரல் திங்களில் ஒரு ஞாயிறு காலை. ஏழு வயதுடைய இளையவன் அடுக்களைக்குச் சென்று, “அம்மா, அப்பா இன்னும் வீட்டிலேயே இருக்கிறாரே, வண்டி வரவில்லையா?” என்று கேட்டான். தாய் சிரித்துவிட்டாள். பாயில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்த நமக்குச் சிரிப்பு வரவில்லை.

பெங்களூரிலேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விடலாம் என்ற எண்ணம் இரண்டு ஆண்டுகளாகவே உண்டு. இம்முறை வீடும் கிடைத்திருந்தது. மே மாத இறுதிக்குள் முன்பணம் கொடுத்தாக வேண்டும். ஆனால் எண்பது வயதுத் தந்தையார், “நீங்கள் போங்கள், நான் இங்கேயே இருந்துகொள்கிறேன்” என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார். அவரைத் தனியே விட்டுப் போவதா? பிள்ளைகளுக்குத் தந்தை ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியாகவே இருப்பதா? இரண்டும் மனத்துக்கு ஒவ்வவில்லை.

இல்லத்தரசி ஒரு வழி சொன்னாள். “முடிவை மே மாதக் கடைசியில் சொல்லுங்கள். அதற்குள் ஏழு ஞாயிறு இருக்கிறது. அந்த ஏழையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு சொல்லுங்கள்.” நீதிமன்றத் தீர்ப்புக்கு மேல் முறையீடு உண்டு, இதற்கு இல்லை. ஒப்புக்கொண்டோம்.

முதல் ஞாயிறன்று பிள்ளைகள் கேட்டது சயனைடு மேட்டில் ஏறிச் சறுக்கி விளையாட வேண்டும் என்பது. திரைப்படங்களில் அம்மேடுகளைப் பார்த்து அவர்களுக்கு ஆசை மூண்டிருந்தது. தந்தையார் குறுக்கே நின்றார். மேட்டைத் தொலைவிலேயே காட்டி, அது பிறந்த கதையைச் சொன்னார். பாறையை உடைத்து மாவாக அரைப்பார்கள். சயனைடு கலந்த நீர் அம்மாவிலுள்ள பொன்னைக் கரைத்துக்கொள்ளும். பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய மண்ணை வெளியே கொட்டுவார்கள். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குப் பொன் வெளியே போயிற்று. நமக்கென்று நின்றவை இம்மேடுகள். காற்றடிக்கும் நாளில் இத்தூள் நம் வீட்டுச் சோற்றிலும் விழுகிறது. “பொன் போன இடத்தில் புழுதி இருக்கிறது. அதில் விளையாடாதீர்கள்” என்றார். பிள்ளைகளுக்கு ஏமாற்றந்தான். ஆயினும் பன்னிரண்டு வயது மூத்தவள் அன்று மாலை அக்கதையைத் தன் தோழிகளுக்கு ஒரு சொல் விடாமல் ஒப்பித்ததைக் கேட்டோம்.

இரண்டாம் ஞாயிறு பேத்தமங்கலத்து ஏரிக்கு மிதிவண்டியில் சென்றோம். மூத்தவள் தனி வண்டியில். இளையவன் நம் வண்டியின் முன்கம்பியில். வழியில் ஒருமுறை சங்கிலி கழன்றது. இருமுறை மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கியது பிள்ளைகளுக்கன்று, நமக்கு. தண்ணீர் கரையை விட்டு உள்வாங்கியிருந்தது. குளிக்க விடவில்லை, ஓரத்தில் முழங்காலளவு நின்று நீரை இறைத்துக்கொண்டனர். புளிச்சோறும் மாவடுவும் கரையில் வைத்து உண்டோம்.

அங்கே அவர்களுக்கு ஒன்று சொன்னோம். இவ்வேரியில் தேங்குவது பாலாற்று நீர். நந்தி மலைப் பக்கம் தோன்றும் அவ்வாறு, இவ்வழியே இறங்கி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று தமிழகத்துள் செல்கிறது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலை மேற்கொண்டபின், அப்பகுதிகளிலிருந்துதான் நம் முன்னோருள் பலர் பிழைப்புத் தேடி வந்தனர். ஆறு கீழ்நோக்கிப் போயிற்று. அவர்கள் அதற்கு எதிரே மேல்நோக்கி வந்தனர். பின்னர் இவ்வேரியின் நீரே குழாய் வழியாகச் சுரங்க ஊருக்கு வந்து அவர்கள் தாகத்தைத் தீர்த்தது. “அப்படியானால் இது நம் பாட்டி ஊர் ஆறா?” என்றான் இளையவன். ஆம் என்றோம். ஒரு கை நீரை அள்ளி, “போய் வா” என்று ஏரியிலேயே விட்டான்.

மூன்றாம் ஞாயிறு கோலார் அருகேயுள்ள அந்தரகங்கை மலை. படிகளில் ஏறி, கல் நந்தியின் வாயிலிருந்து விழும் சுனை நீரைக் கைகளில் ஏந்திக்கொண்டோம். தந்தையார் அடிவாரத்து நிழலிலேயே தங்கிவிட்டார். அதற்கு மேல் பாறை இடுக்குகளில் புகுந்து பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தேடி விளையாடினர். திரும்பி வந்து பார்த்தால், கட்டுச்சோற்று மூட்டையை ஒரு குரங்கு குடும்பத்தோடு பகிர்ந்து உண்டுகொண்டிருந்தது. “அதன் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருப்பார் போலும்” என்று மூத்தவள் சொன்னாள். அன்று பசியோடு திரும்பினாலும் வழியெல்லாம் சிரிப்புக்குக் குறைவில்லை.

நான்காம் ஞாயிற்றை ஆம்பூரில் ஒரு திருமணம் எடுத்துக்கொண்டது. ஐந்தாவதை மழை எடுத்துக்கொண்டது. அந்த மழை நாளே நமக்கு எல்லாவற்றினும் மேலாக நினைவில் நிற்கிறது. காலையிலிருந்தே வெளியே இறங்க வழியில்லை. கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் அடுப்பில். கூடத்தில் பல்லாங்குழி. புளியங்கொட்டைக் கணக்கில் இளையவன் செய்த கள்ளத்தைத் தாத்தா கண்டும் காணாதவர்போல் இருந்தார். மாலையில் மின்சாரம் நின்றது. விளக்கேற்றி வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: “1902-லேயே சிவசமுத்திரத்துக் காவேரி நீரில் எடுத்த மின்சாரம் நம் சுரங்கத்துக்கு வந்துவிட்டது. பெங்களூர்த் தெருக்களுக்கு அது 1905-இல்தான் போயிற்று.” பெங்களூருக்கு முன்னே விளக்கெரிந்த ஊரில் பிறந்தவர்கள் என்ற பெருமை, இருட்டில் அமர்ந்திருந்த பிள்ளைகளின் முகத்தில் தெரிந்தது.

அன்றிரவுதான் மூத்தவள் கேட்டாள்: “தாத்தா, நீங்கள் வேலைக்குப் போன காலத்தில் அப்பாவோடு விளையாடுவீர்களா?”

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழம். கூண்டில் இறங்கினால் பாறையே அனலாய்க் கொதிக்கும். பாறை வெடித்துச் சிதறும்போது மேலே வீட்டுப் பாத்திரங்கள் அதிரும்; பெண்கள் சுரங்க வாயிலுக்கு ஓடுவார்கள். இரவு ஷிப்டு முடித்து வந்தால் பகலில் உறக்கம். “உன் அப்பனைப் பேசாதே, ஓடாதே என்று உன் பாட்டி அடக்கியே வைத்திருப்பாள். நான் அவனைப் பார்த்ததைவிட அவன் என்னை உறக்கத்தில் பார்த்ததே அதிகம். விடுப்புக் கிடைத்த ஞாயிறு ஒன்றில்தான் மிதிவண்டியில் உட்கார வைத்துப் பேத்தமங்கலம் அழைத்துப் போவேன்.”

நமக்கு உடல் சிலிர்த்தது. ஏரிக்கு மிதிவண்டியில் போக வேண்டும் என்ற எண்ணம் நமக்கே தோன்றியது என்று நினைத்திருந்தோம். அது நம்முடையதன்று, அவர் கொடுத்தது.

ஆறாம் ஞாயிறு முளபாகல் பக்கத்து ஆவணிக் குன்று. சீதை தங்கி இலவகுசரைப் பெற்ற இடம் என்று மக்கள் வழங்கும் ஊர் அது. பழைய இராமலிங்கேசுவரர் கோயிலைக் கண்டு, வெயில் ஏறுமுன் குன்றில் ஏறி இறங்கினோம். அன்றிரவு முற்றத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது, 1965-இல் நம் சுரங்கத்தின் ஆழத்தில் டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பான், இங்கிலாந்து நாட்டு அறிஞரும் சேர்ந்து நியூட்ரினோ என்னும் நுண்துகளைக் கண்டறிந்ததைத் தந்தையார் கூறினார். வானிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் துகள் அது. எத்தனை ஆழத்துப் பாறையையும் ஊடுருவிவிடும். அப்போது அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. மேலே வானத்தையும் கீழே தரையையும் மாறி மாறிப் பார்த்தபடியே இளையவன் உறங்கிப்போனான்.

ஏழாம் ஞாயிறு வந்தது. எங்கும் போகவில்லை. முடிவு சொல்ல வேண்டிய நாள். தந்தையாரிடம் கேட்டோம். அவர் சொன்னது இவ்வளவுதான்: “நான் மூன்று கிலோமீட்டர் கீழே போய் வந்தேன். நீ நூறு கிலோமீட்டர் பக்கவாட்டில் போய் வருகிறாய். போவது பெரிதன்று, தம்பி. வந்தபின் விழித்திரு.”

முன்பணம் கொடுக்கவில்லை. இன்னும் ஓராண்டு இங்கேயே இருப்பதென்று முடிவு செய்தோம். இது எல்லார்க்கும் ஏற்ற முடிவு என்று சொல்லமாட்டோம். நாள்தோறும் வண்டியில் கழியும் மணிகள் குறையவில்லை. உடல் அலுப்பும் குறையவில்லை. பெங்களூருக்குக் குடிபெயர்ந்த நண்பர்களும் தம் பிள்ளைகளின் நலன் கருதியே போயிருக்கின்றனர். எங்கிருந்தாலும் ஞாயிற்றை உறக்கத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டால், வீடு அருகில் இருந்தும் பயனில்லை என்பதை மட்டுமே நாம் கற்றோம்.

பெற்றோர்க்கு ஒரு சொல். இவ்வூர்களுக்குப் போகப் பெரும் பணம் வேண்டியதில்லை. குடிநீரும், தொப்பியும், குரங்குக்கு எட்டாத மூட்டையும் போதும். ஏரியில் ஆழம் அறியாது பிள்ளைகளை இறக்காதீர்கள். சயனைடு மேட்டுக்கும் கைவிடப்பட்ட சுரங்க வாய்களுக்கும் அருகே விடாதீர்கள். வீட்டில் முதியவர் இருந்தால் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்; அவர் சொல்லும் வரலாறு எந்தப் பாடநூலிலும் கிடைக்காது.

சென்ற ஞாயிறு காலை இளையவன் பாயருகே வந்து நம் தோளைத் தொட்டு எழுப்பினான். “அப்பா, இன்று வண்டி இல்லை. எழுந்திருங்கள், எங்கே போகலாம்?” என்றான்.

எழுந்துவிட்டோம்.