ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கற்றல் பாணியா?

சிலர் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள், சிலர் செய்து கற்பவர்கள். மாணவர் தம் பாணியைக் கண்டுகொள்ள உதவி, அதற்கேற்பப் பாடம் நடத்தினால் கல்வி சிறக்கும் என்கிறார்கள். நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங் உருவாக்கிய ‘வார்க்’ வினாத்தாள் இக்கருத்துக்குப் பரவலான செல்வாக்கைத் தேடித் தந்தது. 2012இல் வெளியான ஆய்வொன்றில், கருத்துக் கேட்கப்பட்ட பிரிட்டன் ஆசிரியர்களில் 93 சதவீதத்தினர் இதை நம்பினார்கள். ஆனால் நம்புவோரின் எண்ணிக்கை சான்றாகிவிடாது.

மாணவர்களின் விருப்பங்கள் வேறுபடுகின்றன என்பது உண்மை. ஆனால் விருப்பமான வழியே பயன் தரும் வழி என்பது தனியே நிறுவப்பட வேண்டிய கூற்று. பாணிக் கொள்கை சரியென்றால், படத்தை விரும்புபவர் படத்தாலும் பேச்சை விரும்புபவர் பேச்சாலும் கூடுதலாகக் கற்க வேண்டும். ஒரே முறை இருவருக்கும் சிறந்ததாக அமைந்தால் பாணிக்கு அங்கே வேலையில்லை. ஹரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் 2008இல் இந்த அளவுகோலை முன்வைத்துத் தேடியபோது, கொள்கையைத் தாங்கும் போதிய சான்று கிடைக்கவில்லை. 2015இல் ஆய்வாளர் பெத் ரோகோவ்ஸ்கி குழுவினர் ஒரே நூலின் பகுதிகளைச் சிலருக்கு ஒலியாகவும் சிலருக்கு எழுத்தாகவும் கொடுத்தார்கள். உடனடியாக வைத்த தேர்விலும் இரண்டு வாரம் கழித்து வைத்த தேர்விலும், விருப்பத்துக்கு ஏற்ற வடிவம் கிடைத்தவர்கள் கூடுதலாகப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை.

‘படம், பேச்சு, செய்முறை எல்லாம் கலந்து நடத்தும்போது வகுப்பு மேம்படுவதைக் கண்கூடாகப் பார்க்கிறோமே’ என்று ஆசிரியர்கள் கேட்கலாம். அந்த அனுபவம் மெய்யானது; ஆனால் அது பாணிக் கொள்கையை மெய்ப்பிக்கவில்லை. பொருத்தமான படமும் விளக்கமும் சேரும்போது பொதுவாக எல்லா மாணவரும் பயன்பெறுகிறார்கள். எந்த வழி ஏற்றது என்பதைப் பெரும்பாலும் பாடமே தீர்மானிக்கிறது. நிலவரைபடத்தைப் பார்த்தாக வேண்டும். உச்சரிப்பைக் கேட்டாக வேண்டும். வேதியியல் ஆய்வகத்தில் டைட்ரேஷனைக் கையால் செய்தாக வேண்டும்.

‘பயனில்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே’ என்பது அடுத்த வாதம். கெடுதல் உண்டு. ‘நான் கேட்டுக் கற்பவன்’ என்று நம்பிவிட்ட சிறுவன், வாசிப்பு கடினமாகும்போது பயிற்சியைக் கூட்டாமல் அதைத் தன் இயல்புக்குப் புறம்பானது என்று கைவிடக்கூடும். எந்தத் திறனில் அவனுக்குத் துணை தேவையோ அதிலிருந்தே அந்த முத்திரை அவனை விலக்கிவிடுகிறது.

‘அப்படியானால் எல்லா மாணவரும் ஒன்றா?’ இல்லை. முன்னறிவு, மொழித்திறன், ஆர்வம் ஆகியவற்றில் அவர்கள் பெரிதும் வேறுபடுகிறார்கள். பார்வை, செவித்திறன் குறைபாடு உள்ளோருக்குத் தனி ஏற்பாடுகள் கட்டாயம் வேண்டும். மாணவர் தம்மைப் பற்றி அறிய வேண்டியதும் இங்கேதான் இருக்கிறது: எது தெரியும், எது தெரிந்ததுபோல் தோன்றுகிறது என்று பிரித்தறிவது. உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இல் நடத்திய சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். எளிதாக இருப்பதும் நிலைத்து நிற்பதும் ஒன்றல்ல. பாணி வினாத்தாளுக்குச் செலவாகும் வகுப்பு நேரத்தை, மூடிவைத்து நினைவுகூரவும் இடைவெளி விட்டுத் திரும்பப் படிக்கவும் பழக்குவதற்குக் கொடுப்பதே மாணவருக்குச் செய்யும் உண்மையான உதவி.