குப்பைக்கு ஏது செக்போஸ்ட்?

லாங் வீக்எண்ட் வருதா? செகண்ட் ஷிஃப்ட் முடிச்சு ரூமுக்கு வந்ததும் பிளான் ஓடுதா? 'மச்சி... ரெண்டு டென்ட், ஆறு பேர், மூணு வண்டி. அஞ்செட்டி சைடு போறோம். நைட்டு கேம்ப் ஃபயர், காலைல சன்ரைஸ். வீடியோ போட்டா லைக்ஸ் அள்ளும்!'

சூப்பர். டென்ட் யார் கொண்டு வர்றா, பிரியாணி யார் வாங்குறா, ஸ்பீக்கர் யாருது... எல்லாம் பக்காவாகப் பேசிவிடுகிறோம். ஒரே ஒரு ஐட்டம் மட்டும் எப்பவும் மிஸ்ஸிங். திரும்பி வரும்போது குப்பை யார் வண்டியில வரும்?

இந்த வாரம் இந்த ஒரே கேள்விதான். 'ஆஹா, அட்வைஸ் மழை ஆரம்பிச்சிடுச்சு'ன்னு குடையை விரிக்காதீங்க. முதலில் நம்ம ஊர் நுரையைப் பற்றிப் பேசலாம்.

மேல இருக்கிறவங்க யாரு?

கெலவரப்பள்ளி அணையின் நுரையைத் தெரியாத ஓசூர்க்காரர் இருக்க முடியாது. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரு ஓரமாக இறங்கி நம்ம எல்லைக்குள் வருகிறது. வழியில் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவுநீரும் அதில் வந்து சேர்கிறது. மழைக்காலத்தில் மதகைத் திறந்தால், பனிமலை மாதிரி வெள்ளை வெளேரென்று நுரை பொங்கும். கூடவே நாற்றமும். அந்தத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சுகிற விவசாயி, மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற ஸ்கூல் பசங்க, எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: 'மேல இருக்கிறவங்க இப்படிப் பண்ணலாமா?'

நூற்றுக்கு நூறு நியாயமான கேள்வி. அப்படியே அதை நம்ம பக்கம் திருப்பிப் பாருங்க. அஞ்செட்டி மலையில் டென்ட் போடும்போது, மேல இருக்கிறவங்க நாமதான்!

எப்படி என்கிறீர்களா? அந்த மலைகளின் ஓடைத் தண்ணீரை வாங்கிக்கொண்டு ஓடும் தொட்டல்லா ஆறு, ஒகேனக்கல்லுக்கு மேலேயே காவிரியில் கலக்கிறது. ஒகேனக்கல்லில் எடுக்கிற காவிரித் தண்ணீர்தான் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வழியாக 2013 முதல் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வருகிறது. நம்ம ஓசூருக்கும் சேர்த்துத்தான். அதாவது, சனிக்கிழமை ராத்திரி ஓடைக்கரையில் நாம் விட்டுவிட்டு வந்தது, மழை வந்தால் கிளம்பிப் போகிற பாதையின் கடைசியில் நம்ம தெருக் குழாயும் இருக்கிறது.

குடிநீரைச் சுத்திகரித்துத்தான் தருகிறார்கள், பயப்பட வேண்டாம். ஆனால் வழியில் அதே ஓடையில் வாய் வைக்கிற யானைக்கும் மானுக்கும், மலைக்கிராமத்து மாட்டுக்கும் ஃபில்டர் யார் வைப்பது? நாம் ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் நின்று போகலாம். குப்பைக்கு அந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது. மாநில எல்லையும் தெரியாது, மாவட்ட எல்லையும் தெரியாது. பள்ளம் பார்த்துப் போய்க்கொண்டே இருக்கும்.

ஆறு பேரா, அறுநூறு பேரா?

'நாங்க ஆறு பேர் போட்ட குப்பையிலா பாஸ் காடு அழியப்போகுது?' என்று கேட்கலாம். சிக்கலே அங்கேதான். அதே வீடியோவைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் இன்னொரு ஆறு பேர். அதற்கடுத்த வாரம் அறுபது. எல்லாருக்கும் வேண்டியது அதே சமதளம், அதே ஓடை, அதே வியூ பாயின்ட். புல் தேய்ந்து மண் தெரியும். மழை அந்த மண்ணை அரித்துக்கொண்டு போகும். சுள்ளி தீர்ந்தால் பச்சை மரத்தில் கை வைப்பார்கள். ஆறு பேருக்குக் காடாக இருந்தது, அறுநூறு பேருக்கு பஸ் ஸ்டாண்ட் ஆகிவிடும். பஸ் ஸ்டாண்டிலாவது கட்டணக் கழிப்பறை உண்டு, காலையில் கூட்டிப் பெருக்க ஆள் உண்டு. மலை உச்சியில் யார் வருவார்?

பக்கத்து மாநிலத்தில் நடந்ததைப் பாருங்க. 2024 குடியரசு தின லீவு. கர்நாடகாவின் குமார பர்வதத்தில் ஏற வந்த கூட்டம் ரேஷன் கடை க்யூ மாதிரி நின்ற வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. ஆன்லைன் முன்பதிவு இல்லாத மலைப்பாதைகளை அந்த மாநில அரசு உடனே நிறுத்திவைத்தது. பிறகு முன்பதிவும், நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பும் வந்தன. நம்ம ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாதம் இ-பாஸ் வந்ததும், 2025 ஏப்ரலில் வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பு வந்ததும் இதே கதைதான். ஒரு இடம் தாங்குகிற அளவுக்கு மேல் கூட்டம் போனால், கடைசியில் வருவது பூட்டு.

பூட்டு போட்டா யாருக்கு நஷ்டம்?

பூட்டு போட்டால் எல்லாருக்கும் ஒரே நஷ்டம் இல்லை பாஸ். கையில் காசு இருக்கிறவர் காட்டோரம் ரிசார்ட்டில் ரூம் எடுத்துக்கொள்வார். வெளியே நிற்பது யார்? அப்ரென்டிஸ் ஸ்டைபண்டில் மாசத்தை ஓட்டுகிற, பெட்ரோலுக்குப் பங்கு போடுகிற நாமதான். இன்னொருத்தரும் இருக்கிறார். வழிகாட்டியாக வந்து நாலு காசு பார்க்கிற மலைக்கிராமத்து இளைஞர்.

ஏற்கெனவே ஒரு தடவை பூட்டு விழுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. காட்டுத் தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கி, 23 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்குத் தமிழ்நாட்டில் தனி விதிகளே வந்தன. 2024 அக்டோபரில்தான் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 40 பாதைகளோடு தொடங்கியது. நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் அதில் இடம் உண்டு: குத்திராயன் சிகரம், அய்யூர் - சாமியேரி. முன்பதிவு செய்யணும், கட்டணம் கட்டணும், வழிகாட்டியோடுதான் போகணும்.

'காட்டுக்குள்ள நடக்கக்கூட காசா?' என்ற கடுப்பு புரிகிறது. மாணவர்களுக்குக் கட்டணம் குறைந்தால் நல்லதுதான், கேட்போம். ஆனால் அதற்காக ராத்திரி பத்து மணிக்கு யாருக்கும் தெரியாமல் உள்ளே போய் டென்ட் அடிப்பது கெத்து இல்லை. நம்ம மாவட்டக் காடுகளில் ஒரு பகுதி 2014-ல் காவிரி வடக்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 504 சதுர கிலோமீட்டர். 2022-ல் 686 சதுர கிலோமீட்டருக்குக் காவிரி தெற்கு சரணாலயமும் வந்தது. அனுமதி இல்லாமல் உள்ளே தங்கினால் அது அட்வென்ச்சர் கணக்கில் வராது, வனக் குற்றக் கணக்கில்தான் வரும்.

அது யானையோட வீடு

மழைக்காலம் முடிந்து கேழ்வரகு முற்றும் நேரம். பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று வந்து நிற்பது வருஷா வருஷம் நாம் பார்க்கிறதுதான். நாம் 'செம ஸ்பாட்'டுன்னு டென்ட் போடுகிற ஓடைக்கரை, அதுங்க தண்ணி குடிக்க வருகிற வழியாக இருக்கலாம்.

உடைந்த பாட்டில் யானைக் காலில் ஏறினால் பேண்டேஜ் போட ஆள் கிடையாது. புண் புரையோடும், நடக்க முடியாது, நடக்க முடியாத யானைக்குத் தீனி கிடைக்காது. இன்னொன்று: பிரியாணி பார்சல் கவரில் ஒட்டியிருக்கிற உப்பும் எண்ணெயும் விலங்குகளைச் சுண்டி இழுக்கும். கவரோடு சேர்த்தே விழுங்கும். 2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை இறந்தது. பிரேதப் பரிசோதனையில் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. கருவில் ஒரு குட்டியும் இருந்தது.

இதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஓகே பாஸ், என்ன பண்ணலாம்?

ஒன்று: ரூம்லயே கவரைப் பிரிங்க. பிஸ்கட், சிப்ஸ், மசாலா எல்லாவற்றையும் டப்பாவுக்கு மாற்றிவிட்டால் பாதிக் குப்பை காட்டுக்கே வராது. ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் தட்டு, கப், கேரி பேக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. எவர்சில்வர் தட்டு கொஞ்சம் கனம்தான், அம்மாகிட்ட கேட்டா தருவாங்க!

ரெண்டு: 'குப்பை மினிஸ்டர்' ஒருத்தரை கிளம்பும்போதே நியமிங்க. எல்லாருடைய வேலை என்றால் யாருடைய வேலையும் இல்லை. ஒரு பழைய அரிசிச் சாக்கு போதும். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் ஆளை மாத்துங்க.

மூணு: எரிக்காதீங்க, புதைக்காதீங்க. பிளாஸ்டிக்கை எரித்தால் விஷப்புகை. புதைத்தால் பன்றியும் கரடியும் தோண்டி எடுத்துவிடும். கோடையில் தீ மூட்டவே வேண்டாம், குரங்கணியை நினைச்சுக்கோங்க.

நாலு: 'ஆரஞ்சுத் தோல்தானே, மக்கிடும்' டயலாக்கை விடுங்க. மக்கும், ஆனா மாசக்கணக்கில் ஆகும். அதற்குள் குரங்கு கற்றுக்கொள்ளும். மனுஷன் வந்தா சாப்பாடு என்று அதற்குத் தெரிந்துவிட்டால், அடுத்து வருகிற குழந்தையின் கையிலிருந்து பிடுங்கும்.

அஞ்சு: கூச்சப்படாமல் இதையும் பேசிடலாம். காலைக்கடனுக்கு ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளிப் போங்க. அரையடி ஆழத்துக்குக் குழி, பிறகு மண்ணை மூடுங்க. டிஷ்யூ, வெட் வைப்ஸ், நாப்கின் எல்லாம் தனிக் கவரில் திரும்பி வரணும்.

ஆறு: ஷிஃப்ட் வேலையில் இருக்கிற ஒரே சுகம், வீக்லி ஆஃப் செவ்வாய்க்கிழமைகூட வரும்! ஊரே ஞாயிற்றுக்கிழமை முட்டி மோதும்போது நீங்க நடுவாரத்தில் போங்க. கூட்டமும் குறையும், மலையும் மூச்சு விடும்.

ஏழு: வீடியோ போடுங்க, ஆனா துல்லியமான லொக்கேஷன் வேண்டாம். 'எங்க மச்சி இது?'ன்னு கேட்கிறவனிடம் மலையின் பெயரோடு சாக்கு மேட்டரையும் சேர்த்துச் சொல்லுங்க.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சந்தேகமா? நீலகிரியில் 2022-ல் ஐகோர்ட் சொல்லி, மது பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ் என்று கொண்டுவந்தார்கள். பத்து ரூபாய்க்காக பாட்டில் கடைக்குத் திரும்பி வர ஆரம்பித்தது. எவரெஸ்ட்டில் ஏறுகிறவர் ஒவ்வொருவரும் தன் குப்பை போக 8 கிலோ குப்பையைக் கீழே கொண்டுவர வேண்டும் என்று நேபாளம் 2014-லேயே விதி போட்டது. மூச்சு விடவே திணறுகிற உயரத்தில் அவர்களுக்கு 8 கிலோ. பைக் வரைக்கும் அரை மணி நேரம் நடக்கிற நமக்கு ஒரு அரிசிச் சாக்கு கனமா?

பத்து ரூபாய் போகுமே என்றால் பாட்டிலைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்கிறோம். காசே வாங்காமல் நிழலும் தண்ணியும் தருகிற காட்டுக்கு யார் டெபாசிட் கட்டுவது?

அடுத்த மழைக்கு கெலவரப்பள்ளியில் மறுபடி நுரை பொங்கும். 'மேல இருக்கிறவங்க இப்படிப் பண்ணலாமா?'ன்னு நாம் மறுபடி சத்தமாகக் கேட்கணும், கேட்டே ஆகணும். அப்படிக் கேட்கிற வாய்க்குத் தெம்பு வேணும்னா, அஞ்செட்டி மலையிலிருந்து இறங்கும்போது நம்ம வண்டியில் ஒரு சாக்கு தொங்கணும்.

அடுத்த ட்ரிப்புக்கு உங்க கேங்கில் யார் பாஸ் குப்பை மினிஸ்டர்? இன்னைக்கே எலெக்‌ஷனை வைங்க. அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!