கனவைத் திடலுக்கு ஏற்றிச் செல்வது யார்?

2009-இல் நெகிரி செம்பிலான், கிளந்தானை 3-1 என வீழ்த்தி, 1948-க்குப் பின் முதன்முறையாக மலேசியக் கிண்ணத்தை வென்றது. அந்த அணியில் நம் எஸ்.குணாளனும் ஆடினார். மறு ஆண்டு கே.ராஜகோபால் பயிற்றுவித்த தேசிய அணி சுசூகி கிண்ணத்தை வென்றபோதும் அவர் இருந்தார். தோட்டத்துப் பிள்ளைகள் பந்தை விடாததற்கு அதுவே போதும்.

பகாவ் தோட்டத்தில் என்னோடு வளர்ந்த நண்பன் தேர்வாட்டத்தில் தேறினான். பயிற்சியோ சிரம்பானில், காரிலேயே ஏறக்குறைய ஒரு மணி நேரம். அப்பா உடன் போனால் அன்றைய சம்பளம் போகும். மூன்றாம் வாரமே நின்றுவிட்டான். திறமை இருந்தது; வண்டிதான் இல்லை.

மாணவர்களே, விடுமுறையில் காரோடு வீடு திரும்புகிறோம். வாரம் ஒருநாள் ஒரு தம்பியைத் திடலுக்கு ஏற்றிச் செல்வோமே!