கணக்கைக் கொடுத்தால் வழக்கும் வரும்

"உங்கள் வங்கிக் கணக்குக்குப் பணம் வரும். நாங்கள் சொல்லும் கணக்குக்கு மாற்றிவிட்டால் நூற்றுக்கு இரண்டு ரூபாய் கமிஷன். வீட்டிலிருந்தே பார்க்கலாம். அனுபவம் தேவையில்லை." வாட்ஸ்ஆப்பிலும் டெலிகிராமிலும் வரும் இந்த அழைப்புக்கு 'பேமென்ட் புராசஸிங் வேலை' என்று பெயர். வடசென்னையில் மாதவரம் குடோன்களில் தினக்கூலிக்கு மூட்டை தூக்குகிறவர்கள், மணலியிலும் எண்ணூரிலும் கான்ட்ராக்ட் முடிந்து வீட்டில் இருப்பவர்கள், பட்டம் வாங்கிவிட்டு வேலைக்கு அலையும் அவர்களுடைய பிள்ளைகள் ஆகியோரின் கைபேசிக்கு இது வந்து சேரும்போது, ஆசையைவிடத் தேவைதான் 'சரி' என்று சொல்ல வைக்கிறது.

அந்தப் பணம் யாருடையது? போலீஸ்போல் வீடியோ அழைப்பில் பேசி 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டப்பட்ட ஓய்வூதியர் அனுப்பியதாக இருக்கலாம். போலிப் பங்குச்சந்தைச் செயலியை நம்பியவரின் சேமிப்பாக இருக்கலாம். திருடுகிறவன் தன் பெயரில் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. உங்கள் கணக்கில் 50,000 ரூபாய் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்தை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்புகிறீர்கள். அது சில நிமிடங்களில் பல கணக்குகளுக்குப் பிரிந்து, ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ மறைந்துவிடுகிறது. புகார் வந்ததும் போலீஸ் கையில் முதலில் சிக்குவது உங்கள் பெயர்தான். கணக்கு முடக்கப்படும், அதில் வரும் சம்பளமும் சிக்கிக்கொள்ளும். பணத்தைப் பறிகொடுத்தவர் ராஜஸ்தானில் இருந்தால், அங்குள்ள காவல் நிலையத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆயிரம் ரூபாய்க்காக இத்தனையும்.

இப்படிப் பயன்படும் கணக்குகளை வங்கித் துறையில் 'மியூல் அக்கவுண்ட்' என்கிறார்கள். 2024-ல் மட்டும் சைபர் மோசடிகளில் இந்தியர்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று மத்திய உள்துறை நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவு, சைபர் மோசடிக்காரர்களுக்கு எதிரான 'திரைநீக்கு' நடவடிக்கையில் 76 பேரைக் கைது செய்தது. 2025 ஜூனில் சி.பி.ஐ. வெளியிட்ட தகவல் இன்னும் கவலை தருவது: நாடெங்கும் 700-க்கும் அதிகமான வங்கிக் கிளைகளில் சுமார் எட்டரை லட்சம் மியூல் கணக்குகள். உரிய கே.ஒய்.சி. (வாடிக்கையாளர் அடையாள) சரிபார்ப்பு இல்லாமலே அவை திறக்கப்பட்டிருந்தன என்றது சி.பி.ஐ. பழியை ஏழையின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. மினிமம் பேலன்ஸ் குறைந்தால் அபராதம் பிடிக்கத் தெரிந்த வங்கிக்கு, மாதம் சில ஆயிரம் புழங்கிய கணக்கில் ஒரே நாளில் லட்சங்கள் வந்துபோவது தெரியாமலா போகும்?

இந்த வேலையை அடையாளம் காண்பது கடினமல்ல. பிறருக்குச் சேர வேண்டிய பணத்தை வசூலித்துக் கொடுக்கும் தொழில் 2007-ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா சட்டத்தின் கீழ் வருகிறது. அதற்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்ற எந்த நிறுவனமும் ஊழியரின் சேமிப்புக் கணக்கில் வாடிக்கையாளர் பணத்தைப் போடாது. பாஸ்புக், ஏடிஎம் கார்டு, கணக்கோடு இணைந்த சிம் மூன்றையும் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். "உங்கள் பெயரில் ஒரு கடை காட்டி கரண்ட் அக்கவுண்ட் திறப்போம், ஜிஎஸ்டி செலவு எங்களுடையது" என்றால் ஆபத்து இன்னும் பெரிது. அழைப்பவர் தெரு நண்பராகவோ உறவுக்காரராகவோ இருந்தாலும் மறுத்துவிடுங்கள். ஆள் பிடித்துக் கொடுப்பதற்கும் கமிஷன் உண்டு என்பதால் தெரிந்தவர்கள் வழியாகவே இது பரவுகிறது.

வங்கிகள் கணக்கு திறக்கும் மேசையிலேயே இந்த எச்சரிக்கையைத் தமிழில், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மாதவரம் புறநகர்ப் பேருந்து நிலையத்திலும் லாரி நிறுத்தங்களிலும் காவல்துறை எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். தெரியாமல் கணக்கைக் கொடுத்தவர் தானாக முன்வந்தால் அவரிடம் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, வலைக்குப் பின்னால் இருப்பவனைத் தேட வேண்டும். பயமுறுத்தினால் அடுத்தவர் வாயைத் திறக்க மாட்டார்.

ஏற்கெனவே கணக்கைக் கொடுத்துவிட்டீர்களா? வந்த பணத்தைத் தொடாதீர்கள். அவர்கள் சொல்லும் எண்ணுக்கு அனுப்பவும் வேண்டாம். கார்டை முடக்குங்கள். கிளையில் எழுத்துமூலம் தெரிவித்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். உரையாடல்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு, அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.